விடுகதையும் வில்லங்கக் கேள்வியும்: மூளைக்கு விளையாட்டாய் ஒரு பயிற்சி

ஒரு பெட்டியும் அதன் மூடியும் சேர்ந்து 110 கிராம். மூடியைவிடப் பெட்டி 100 கிராம் கூடுதல் எடை. அப்படியானால் மூடி எவ்வளவு?

"10 கிராம்" என்று மனம் சட்டென்று சொல்லியிருக்கும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் வந்தது. ஆனால் மூடி 10 என்றால் பெட்டி அதைவிட 100 கூடி 110 ஆகிறது. இரண்டும் சேர்ந்தால் 120. கணக்கு உதைக்கிறது. மூடி 5, பெட்டி 105 என்று வைத்துப் பாருங்கள், சரியாக உட்காரும்.

பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த கூட்டல்தான் இது. சரிபார்க்கத் தோன்றாததால்தான் பெரியவர்களும் வழுக்குகிறார்கள். ஷேன் ஃபிரெடெரிக் என்ற ஆய்வாளர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் இதே அச்சில் வார்த்த ஒரு மட்டை-பந்துக் கேள்வி உண்டு. அதோடு இன்னும் இரண்டு கேள்விகள் சேர்த்து 3,400-க்கும் அதிகமானவர்களிடம் கொடுத்தார்கள். பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். மூன்றையும் சரியாகச் சொன்னவர்கள் சுமார் 17 சதவீதம். மூன்றிலும் தவறியவர்கள் சுமார் 33 சதவீதம்.

விடுகதை போட்டால் மூளை வளரும், ஞாபகசக்தி கூடும் என்றெல்லாம் ஆசை காட்ட எனக்கு மனமில்லை. 2010-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் மூளைப் பயிற்சி விளையாட்டுகளை ஆடினார்கள். ஆடிய விளையாட்டில் கைதேர்ந்தார்கள். அந்தத் தேர்ச்சி வேறு வேலைகளுக்குக் கைகொடுத்ததாகத் தெரியவில்லை. ஆகவே பலனைப் பற்றி அளவாகவே பேசுவோம். நான் கண்டவரையில் இந்த விளையாட்டு ஒரு பழக்கத்தைத் தருகிறது. முதலில் வந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு, "கேள்வி என்ன சொன்னது, நானாக என்ன சேர்த்துக்கொண்டேன்?" என்று ஒரு மூச்சு நின்று பார்க்கும் பழக்கம். விடை கிடைப்பதைவிட, எந்த இடத்தில் வழுக்கினோம் என்று கண்டுபிடிப்பதில்தான் எனக்குச் சுவை. கீழே வரும் படிகள் எல்லாமே அந்த வழுக்கும் இடத்தைத் தேடிப் போவதற்கானவை.

முதல் படி: எந்த வகை என்று பாருங்கள்

எல்லாவற்றையும் 'புதிர்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். உண்மையில் நான்கு வகையாவது உண்டு. ஒரு பொருளை வேறொன்றாக வேடமிட்டுச் சொல்வது விடுகதை. கேட்பவரின் அவசரத்தைப் பயன்படுத்திக் கவிழ்ப்பது வில்லங்கக் கேள்வி. எல்லாத் தகவலையும் கண்முன்னே கொட்டிவிட்டு "இப்போது வழி கண்டுபிடி" என்பது புதிர்க்கணக்கு. பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, ஆம்-இல்லை கேள்விகள் கேட்டு மீதியைப் பிடிக்கச் சொல்வது நான்காவது வகை.

வகை தெரிந்தால் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்பது தெரிந்துவிடும். விடுகதையில் பெயர்களையும் வினைகளையும் சந்தேகப்படுங்கள், வில்லங்கக் கேள்வியில் உங்கள் வேகத்தை. புதிர்க்கணக்கில் யாரும் போடாத ஒரு விதியை நீங்களே போட்டுக்கொண்டிருப்பீர்கள். கதையில் உங்கள் கற்பனை வரைந்த படத்தில்தான் கோளாறு இருக்கும்.

இரண்டாம் படி: நோட்டில் இரண்டு பத்தி

ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் 'சொன்னது', வலப்பக்கம் 'நான் சேர்த்தது'. இந்த ஒன்றை மட்டும் செய்தாலே போதும், மற்ற படிகளெல்லாம் இதன் கிளைகள்தான்.

ஓட்டப்பந்தயம். இரண்டாவதாக ஓடுகிறவரை முந்திவிட்டீர்கள். இப்போது உங்களுக்கு எத்தனையாவது இடம்? பலரும் 'முதலிடம்' என்பார்கள். இடப்பக்கத்தில் "இரண்டாமவரை முந்தினேன்" என்று எழுதுங்கள். அவருடைய இடம்தான் உங்களுக்கு வரும், ஆக இரண்டாமிடம். வலப்பக்கத்தில் எழுத வேண்டியது: "முந்தினால் முன்னால் யாரும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்." சரி, கடைசியாக ஓடுகிறவரை முந்தினால்? முந்த வேண்டுமானால் நீங்கள் அவருக்குப் பின்னால் இருக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் ஓடுகிறவர் எப்படிக் கடைசி ஆள் ஆவார்? இந்த இரண்டாவது கேள்வியை உடனே கேட்டால், முதல் கேள்வியில் விழித்துக்கொண்டவர்களும் அகப்படுவார்கள்.

இன்னொன்று, உலகம் முழுக்கச் சுற்றி வந்தது. அப்பாவும் மகனும் காரில் போகையில் விபத்து. அப்பா அங்கேயே இறந்துவிடுகிறார். மகனை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகிறார்கள். மருத்துவர் அவனைப் பார்த்ததும், "என்னால் முடியாது, இவன் என் மகன்" என்கிறார். எப்படி?

மருத்துவர் அவனுடைய அம்மா. இதைத் தமிழில் சொல்வது ரொம்பவே எளிது என்பதை நான் வியந்து கவனித்திருக்கிறேன். 'என்கிறார்' என்ற மரியாதை விகுதி ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுப்பதில்லை. 'என்கிறான்', 'என்கிறாள்' என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்பவர் வலப்பக்கத்தில் 'ஆண்' என்று தானே எழுதிக்கொள்கிறார். அம்மாவே மருத்துவராக இருக்கும் பிள்ளைகளில் சிலரும் இதில் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: பொறி எங்கே வைக்கிறார்கள் என்று பழகுங்கள்

வில்லங்கக் கேள்விகளுக்கு ஆயிரம் உருவம் இருந்தாலும் பொறி வைக்கும் இடங்கள் சிலதான்.

ஒரே ஒரு சொல்லில் வைப்பது முதல் வகை. "எத்தனை மாதங்களில் 28 நாள் உண்டு?" பன்னிரண்டிலும் உண்டு, 'மட்டும்' என்ற சொல்லை நாம்தான் உள்ளே நுழைத்தோம். "30-ஐ அரையால் வகுத்து 10 கூட்டினால்?" அரையால் வகுத்தால் 60, ஆக 70. காது 'அரையால்' என்பதைப் 'பாதியாக' என்று மாற்றிக் கேட்டுக்கொள்கிறது. "17 ஆடுகளில் 9-ஐத் தவிர மற்றதெல்லாம் தொலைந்தன, மீதி எத்தனை?" எண்ணைக் கண்டதும் கழிக்கத் தொடங்குகிறோம், 'தவிர' விடையையே சொல்லிவிட்டது.

அடுத்தது இடைவெளிப் பொறி. இதில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் இது விளையாட்டோடு நிற்பதில்லை. மூன்று மாத்திரைகளை அரை மணிக்கு ஒன்றாகச் சாப்பிடச் சொன்னால் எல்லாம் முடிய எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரம். முதல் மாத்திரை உடனே போய்விடுகிறது; மூன்று மாத்திரைக்கு நடுவே இரண்டு இடைவெளிதான். ஒரு கட்டையைப் பத்துத் துண்டாக்க ஒன்பது வெட்டு. 10 மீட்டர் வேலிக்கு மீட்டருக்கு ஒரு கம்பம் வைத்தால் 11 கம்பம். 6 மணிக்கு ஆறு முறை அடிக்க 5 வினாடி எடுத்துக்கொள்ளும் கடிகாரம், 12 மணிக்குப் பன்னிரண்டு முறை அடிக்க 11 வினாடி எடுக்கும், 10 ஆகாது. கணினி நிரல் எழுதுகிறவர்கள் இந்தத் தவறுக்கு வேலிக்கம்பப் பிழை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 5-ஆம் தேதியிலிருந்து 12-ஆம் தேதி வரை இரண்டு நாளையும் சேர்த்து எத்தனை நாள் என்று கேட்டுப் பாருங்கள். 12-லிருந்து 5-ஐக் கழித்து 7 என்பார்கள். விரல்விட்டு எண்ணினால் 8. நான் ஒருமுறை தங்கும் அறைக்கு நாள் கணக்குச் சொல்லும்போது இதே இடத்தில் தவறி, கடைசி இரவுக்கு அறை இல்லாமல் நின்றிருக்கிறேன். அன்றிலிருந்து எண்ணுவது கம்பத்தையா, இடைவெளியையா என்று முதலில் கேட்டுக்கொள்வேன்.

மூன்றாவது, முன்கூட்டியே மனதை ஏவிவிடுவது. "வெள்ளை என்று பத்துத் தடவை வேகமாகச் சொல்" என்பார்கள். சொல்லி முடித்ததும், "பசு என்ன குடிக்கும்?" வாயில் 'பால்' வந்து நிற்கும். குடிப்பது தண்ணீர். வெள்ளை, பசு, குடிப்பது மூன்றும் சேர்ந்து பாலை நோக்கித் தள்ளிவிடுகின்றன. தப்பிக்க வழி ஒன்றுதான்: தாளத்தை உடைப்பது. பதிலுக்கு முன் ஒரு முறை மூச்சை இழுத்து விடுங்கள்.

நான்காவது பொறி கேள்வியின் அடித்தளத்திலேயே இருக்கும். "மோசே தன் பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார்?" பைபிள் கதையில் பேழை என்ற பெரிய மரக்கலத்தைக் கட்டியது நோவா என்று நன்றாகத் தெரிந்தவர்களும் "இரண்டு" என்று சொல்லிவிடுவதை எரிக்சன், மாட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-இல் காட்டினார்கள். மோசேயும் நோவாவும் மனதில் அடுத்தடுத்த அலமாரியில் இருக்கும் பெயர்கள்; கொஞ்சம் ஒத்துப்போனால் போதும் என்று விட்டுவிடுகிறோம். அதனால் பதிலைத் தேடுமுன் கேள்வியையே ஒருமுறை குறுக்கு விசாரணை செய்யுங்கள். "திருடுவதை எப்போது நிறுத்தினாய்?" என்ற கேள்விக்கு எந்தத் தேதியைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வோம் இல்லையா? பொறி அதே இடத்தில்தான் இருக்கிறது.

நான்காம் படி: விடுகதையை அவிழ்ப்பது

தமிழுக்கு இது பழைய சொத்து. தொல்காப்பியம் இதைப் 'பிசி' என்கிறது. இரண்டு வகை என்றும் பிரிக்கிறது. ஒன்று, உவமையோடு சேர்த்துச் சொல்வது. மற்றது, தோன்றுகிற இயல்பை எடுத்துச் சொல்லி விடையை உணரவைப்பது. இன்றும் எந்த விடுகதையையும் இந்த இரண்டில் ஒன்றில் போட்டுவிடலாம். "கறுப்புச் சட்டைக்காரன், காவலுக்குக் கெட்டிக்காரன்" என்று பூட்டைச் சொல்வது உவமை. "பார்க்கலாம், பிடிக்க முடியாது, கூடவே வரும், இருட்டில் வராது" என்று நிழலைச் சொல்வது இரண்டாவது.

அவிழ்க்க நான் செய்வது இப்படி. முதலில் ஆள் வேடத்தைக் கழற்றுவேன். விடுகதையில் வரும் 'அவன்', 'அவள்' எல்லாம் பெரும்பாலும் 'அது'தான். பிறகு வினைச்சொற்களை மட்டும் தனியே எழுதுவேன். "நீரிலே பிறப்பான், வெயிலிலே வளர்வான், நீரிலே கரைவான்." பிறப்பது, வளர்வது, கரைவது. பிறப்பது என்றால் உண்டாவது, வளர்வது என்றால் திரள்வது. இப்போது முரண் எங்கே என்று பார்க்கிறேன்: பிறந்த இடத்திலேயே அழிகிறது. நீரில் உண்டாகி நீரில் அழியும் பொருள் சில உண்டு, குமிழி கூட அப்படித்தான். ஆனால் குமிழி வெயிலில் வளராது. எல்லாக் குறிப்பும் பொருந்துவது உப்புக்கு மட்டும். முரண்படுகிற இரண்டு வரிகள்தான் விடுகதையின் சாவித்துளை. கடைசியாக ஒவ்வொரு குறிப்பையும் விடையோடு ஒட்டிப் பார்க்காமல் அறிவிக்காதீர்கள். 'குமிழி' என்று கத்தியவர்கள் எல்லாரும் இரண்டாம் குறிப்பை விட்டவர்கள்.

காலையில் நான்கு கால், பகலில் இரண்டு, மாலையில் மூன்று: கிரேக்கப் பழங்கதையில் ஸ்ஃபிங்க்ஸ் கேட்டதாகச் சொல்லப்படும் இந்த விடுகதைக்கு மனிதன் என்பது விடை. தவழும் குழந்தை, நிமிர்ந்து நடக்கும் ஆள், கோலூன்றும் முதியவர். இதில் எல்லாரும் கால்களையே எண்ணிக்கொண்டிருப்பார்கள். வேடமிட்டிருப்பது காலை, பகல், மாலை என்ற பொழுதுகள். கூட்டம் எங்கே பார்க்கிறதோ அதற்குப் பக்கத்தில் பாருங்கள்.

அப்புறம் எழுத்து விளையாட்டு. இது எனக்கு மிகப் பிடித்த இனம், ஏனென்றால் வேறு மொழிக்குக் கொண்டுபோக முடியாது. மூன்றெழுத்துச் சொல், வேகமாக ஓடும். முதலெழுத்து போனால் மறைக்கும், நடுவெழுத்து போனால் நாய் செய்யும் வேலை, கடைசி எழுத்து போனால் துள்ளச் சொல்லும். குதிரை: திரை, குரை, குதி. இன்னொன்று: நான்கெழுத்து, வானில் பறப்பேன், இரண்டாம் எழுத்தை எடுத்துவிட்டால் சுவரில் தொங்குவேன். பட்டம், படம். "கடலின் நடுவில் என்ன இருக்கிறது?" என்றால் 'ட'. இவற்றை அவிழ்க்கச் சொல்லின் பொருளை மறந்து, அதை வெறும் எழுத்துகளாகப் பார்க்க வேண்டும். பொருளிலேயே ஊறிய நமக்கு அது எளிதில்லை.

இரட்டைப் பொருள் சொற்களும் இப்படித்தான். "தைக்கவும் வேண்டும், படிக்கவும் வேண்டும்" என்றால் நூல். ஆறு, படி, திங்கள், மாலை, அடி என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் சிலேடை விடுகதைகள் பாதி அவிழ்ந்துவிடும். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவைப் பொருத்திப் பாடிய காளமேகப் புலவரின் மொழியில் இதற்குப் பஞ்சமே வராது.

ஐந்தாம் படி: புதிர்க்கணக்கில் பழைய தடத்தை விட்டு இறங்குவது

மூன்று குடுவைகள்: 21, 127, 3 அளவு. இவற்றை வைத்துச் சரியாக 100 அளக்க வேண்டும். பெரியதை நிரப்பி, அதிலிருந்து 21 எடுத்து, பிறகு இரண்டு தடவை 3 எடுத்தால் 100. சரி, அடுத்தது: 14, 163, 25, வேண்டியது 99. அதே வழி. அடுத்தது: 18, 43, 10, வேண்டியது 5. அதே வழி. இப்போது 23, 49, 3, வேண்டியது 20.

நீங்களும் 49-லிருந்து 23-ஐயும் இரண்டு மூன்றையும் கழித்தீர்களா? வரும், 20 வரும். ஆனால் 23-லிருந்து 3 எடுத்தாலே போதுமே! ஆப்ரஹாம் லூச்சின்ஸ் 1942-இல் வெளியிட்ட சோதனை இது. முதல் கணக்குகளைப் போடாமல் நேராகக் கடைசிக்கு வந்தவர்கள் குறுக்குவழியை எளிதாகக் கண்டார்கள். முன் கணக்குகளில் தடம் பதிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது கண்ணில் படவில்லை. கைவந்த வழியே கண்ணை மறைக்கிறது. ஆகவே ஒரே மாதிரிப் புதிர்களை வரிசையாகப் போடாதீர்கள், கலந்து போடுங்கள்.

இல்லாத விதியை நாமே போட்டுக்கொள்வதற்கு ஆறு தீக்குச்சிப் புதிர் நல்ல சான்று. ஆறு குச்சிகளால், ஒவ்வொரு பக்கமும் ஒரு முழுக் குச்சி நீளமுள்ள நான்கு சம முக்கோணங்கள் அமைக்க வேண்டும். என் அண்ணன் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மேசைமேல் குச்சிகளைக் கொட்டிக் கொடுத்தேன். இரண்டு முக்கோணத்தை ஒரு பக்கம் ஒட்டிவைத்தாள். ஐந்து குச்சி போய்விட்டது, ஒன்று மிச்சம். கலைத்தாள். நட்சத்திரம் மாதிரி அடுக்கினாள். கலைத்தாள். ஒரு குச்சியின் மருந்து முனையை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "அத்தை, உடைக்கலாமா?" என்றாள். கூடாது என்றேன். பத்து நிமிடம் போயிருக்கும். ஒரு முக்கோணத்தை மட்டும் வைத்துவிட்டு, மீதி மூன்று குச்சிகளையும் சும்மா கையில் கூட்டிப் பிடித்தாள், கூடாரக் கம்பு பிடிப்பது போல. பிடித்த கை அப்படியே நின்றது. மெதுவாக அந்த மூன்றின் கால்களையும் முக்கோணத்தின் மூன்று மூலைகளில் இறக்கினாள். "மேசையிலேயே இருக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே!"

அவள் சொன்னது சரி. நான் சொல்லவே இல்லை. அடியில் ஒன்று, பக்கத்தில் மூன்று, ஆக நான்கு முக்கோணம். அவளுடைய வலப்பத்தியில் இருந்த "எல்லாம் தட்டையாக இருக்க வேண்டும்" என்ற வரியை அவள் கைதான் முதலில் அழித்தது. அதனால் முடிந்தவரை புதிர்களைக் கையில் தொட்டுச் செய்யுங்கள். கை சில சமயம் தலைக்கு முன்னால் போய்விடும்.

சாம் லாயிட் என்ற அமெரிக்கப் புதிர்க்காரரின் 1914-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள ஒன்பது புள்ளிப் புதிரும் இதே இனம். மூன்றுக்கு மூன்றாக உள்ள புள்ளிகளைப் பேனா எடுக்காமல் நான்கு நேர்கோட்டில் இணைக்க வேண்டும். கோடு புள்ளிகளின் எல்லையைத் தாண்டி வெளியே போய்த் திரும்பலாம் என்பது உறைத்தால்தான் வழி பிறக்கும்.

ஒரு எச்சரிக்கை: பழைய புதிர்கள் சில காலாவதியாகின்றன. வெளியே மூன்று சுவிட்சு, மூடிய அறைக்குள் ஒரு பல்பு, உள்ளே ஒரே தடவைதான் போகலாம்; எது பல்பின் சுவிட்சு? ஒன்றைச் சில நிமிடம் போட்டு அணைத்து, இரண்டாவதைப் போட்டு உள்ளே போக வேண்டும். எரிந்தால் இரண்டாவது, எரியாமல் சூடாக இருந்தால் முதலாவது, குளிர்ந்திருந்தால் மூன்றாவது. இழை பல்பு கண்ணாடிக்கு இது பொருந்தும். எல்.இ.டி. பல்பின் முகம் அந்த அளவுக்குச் சுடுவதில்லை. இன்றைய பிள்ளைக்குப் போடும்போது 'பழைய இழை பல்பு' என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவன் தோற்றது நம் தவறு.

ஆறாம் படி: ஆம்-இல்லைக் கதை

ஒருவர் இரவில் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். மின்சாரம் போய்விடுகிறது. அறையில் துளி வெளிச்சம் இல்லை. அவர் நிறுத்தாமல் படிக்கிறார். எப்படி?

இங்கே நேரே விடையை ஊகித்து எறிவதால் பயனில்லை. "டார்ச் வைத்திருந்தாரா, ஃபோனா, மெழுகுவர்த்தியா" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் கேள்விகள் தீர்ந்துவிடும். பெரிய வட்டத்தைப் பாதியாக வெட்டும் கேள்வியைக் கேளுங்கள். "படிக்க அவருக்கு வெளிச்சம் தேவையா?" இல்லை என்ற ஒரே பதிலில் விளக்குகள் எல்லாம் ஒழிந்தன. "கண்ணால் படிக்கிறாரா?" இல்லை. முடிந்தது: பிரெய்ல் புத்தகம், விரலால் படிக்கிறார். பல திசைகளில் யோசிக்கும் இந்தப் பாங்குக்கு எட்வர்ட் டி போனோ 1967-இல் தனிப் பெயரே சூட்டினார். பக்கவாட்டுச் சிந்தனை என்று தமிழில் சொல்கிறோம். நான்கைந்து பேர் சேர்ந்து ஆட இதைவிட நல்ல வகை கிடையாது.

ஏழாம் படி: சிக்கிக்கொண்டால் ஊறவிடுங்கள்

பதினைந்து நிமிடம் முட்டிப் பார்த்தும் வழி இல்லையென்றால் நோட்டை மூடிவிடுங்கள். விடையை மட்டும் புரட்டிப் பார்க்காதீர்கள். பாத்திரம் கழுவுங்கள், நடந்துவிட்டு வாருங்கள். தவறான தடத்தின் பிடி அதற்குள் தளர்ந்திருக்கும். திரும்பி வந்து கேள்வியை முதன்முதலாகப் படிப்பதுபோல் படியுங்கள். மறுநாளும் வரவில்லையா? ஒருவரிடம் விடை கேட்காமல், "என் வலப்பத்தியில் எந்த வரி தப்பு?" என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு வரி அழிந்தாலே மீதியை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். விடையைக் கேட்டவர்களுக்கு விடை மட்டும் கிடைக்கிறது, அதுவும் ஒரு வாரத்தில் மறந்துபோகிறது.

எட்டாம் படி: பிறருக்குப் போடுவது

நல்ல கேள்வியைக் கெடுப்பது போடுகிறவரின் முகம். பொறி உள்ள சொல்லை அழுத்தினால் காட்டிக்கொடுத்துவிடும், விழுங்கினால் அது ஏமாற்று. எல்லாச் சொல்லையும் ஒரே குரலில் சொல்லுங்கள். "ரொம்ப ஈசி" என்று தொடங்கவே தொடங்காதீர்கள்; தவறினால் கேட்பவர் கூனிக்குறுகிப் போவார். தவறான பதில் வந்ததும் சிரிக்காமல், "அது எப்படி வந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, தானே வழுக்கிய இடத்தைக் கண்டுபிடிப்பார். அந்தக் கண்டுபிடிப்பு அவருக்குச் சொந்தமாகிவிடும்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்கள் பற்றிய விடுகதைகள் போதும்: பூட்டு, நிழல், சீப்பு. சொல்லின் இரட்டைப் பொருள் புரிய இன்னும் கொஞ்சம் வயது வேண்டும். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வயதானவர்களுக்குப் போடும்போது பரீட்சை வைக்காதீர்கள். அவர்களை உங்களுக்குப் போடச் சொல்லுங்கள். பாதி நினைவில் இருக்கும் பழைய விடுகதையின் மீதியைத் தேடி அவர்கள் மனம் போகும் தூரம் அதிகம்.

ஒன்பதாம் படி: நீங்களே ஒன்று கட்டுங்கள்

இருபது விடுகதை அவிழ்ப்பதைவிட ஒன்றைக் கட்டுவது அதிகம் கற்றுத்தரும் என்பது என் அனுபவம். ஏணியை எடுத்துக்கொள்வோம். அது என்ன செய்கிறது? ஆட்களை மேலே ஏற்றுகிறது. முரண் எங்கே? அது மட்டும் ஏறுவதில்லை. "எல்லாரையும் ஏற்றிவிடுவான், தான் ஏறமாட்டான்." இதை ஒருவரிடம் போட்டால் 'படிக்கட்டு' என்பார். நியாயமான விடைதான். அப்படியானால் ஏணிக்கு மட்டும் உள்ள ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஏணி சாய்ந்து நிற்கும். சாய்ந்து நிற்பது ஆளுக்கு என்றால் சோம்பல், ஏணிக்கு அதுதான் வேலை. "சாய்ந்தே நிற்பான், சோம்பேறி இல்லை, எல்லாரையும் ஏற்றிவிடுவான், தான் ஏறமாட்டான்." இப்போது படிக்கட்டும் போயிற்று, லிஃப்டும் போயிற்று. வரி வாய்விட்டுச் சொல்லவும் இசைகிறது. கேட்பவர் வேறு விடை சொன்னால் சண்டை போடாதீர்கள். அது பொருந்தினால் உங்கள் விடுகதையில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். நன்றி சொல்லி அடைத்துவிடுங்கள்.

நாளுக்குப் பத்து நிமிடம் இதற்குப் போதும். கீழே ஐந்து வைத்திருக்கிறேன், இரண்டு பத்தி நோட்டோடு உட்காருங்கள்.

ஒன்று: 10 மீட்டர் ஆழக் கிணற்றின் அடியில் நத்தை. பகலில் 3 மீட்டர் ஏறும், இரவில் 2 மீட்டர் சறுக்கும். எத்தனையாவது நாள் மேலே வரும்?

இரண்டு: குளத்தில் பாசி தினமும் இரட்டிப்பாகப் பரவுகிறது. 20-ஆம் நாள் குளம் நிறைந்தது. பாதி நிறைந்தது என்றைக்கு?

மூன்று: ஒரு தாய்க்கு 5 மகன்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு தங்கை. மொத்தம் எத்தனை பிள்ளைகள்?

நான்கு: வாய் நிறையப் பல், கடிக்கத் தெரியாது; தலையைத்தான் மேயும்.

ஐந்து: நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். இப்போது தெரிவது: அ, ம், 4, 7. "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்" என்கிறார் ஒருவர். அவர் சொன்னது சரியா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைத் திருப்பியே ஆக வேண்டும்?

விடைகள். நத்தை எட்டாம் நாள் வரும்; ஏழு நாளில் 7 மீட்டர், எட்டாம் நாள் பகலில் 3 ஏறி விளிம்பைத் தொட்டுவிடும், சறுக்க இரவு வராது. பத்து என்றவர்கள் வெளியே வந்த நத்தையையும் இரவில் சறுக்கவிட்டவர்கள். பாசி 19-ஆம் நாள் பாதி. 10 என்று வந்தால், தினமும் ஒரே அளவு கூடுகிறது என்று எடுத்துக்கொண்டீர்கள். பிள்ளைகள் ஆறு பேர். ஐவருக்கும் அதே ஒரு தங்கைதான். நான்காவது சீப்பு.

அட்டைக் கேள்வி பீட்டர் வேசன் 1966-இல் கொடுத்ததன் தமிழ் வடிவம். அவருடைய முதல் சோதனையில் சரியாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 'அ', '7' இரண்டையும் திருப்ப வேண்டும். 'அ'வுக்குப் பின்னால் ஒற்றைப்படை இருந்தால் அவர் சொன்னது தவறு. '7'க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தாலும் தவறு. பலரும் தொடும் '4' எதையும் சொல்லாது. அதற்குப் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதி உடையாது, ஏனென்றால் இரட்டைப்படைக்குப் பின்னால் உயிரெழுத்துதான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. '4'-ஐத் தொட்டிருந்தால், வலப்பத்தியில் அந்த வரியை எழுதிக்கொள்ளுங்கள்.